பாவிலு குடிக்கவில்லை

யேசு மரி சூசை துணை

கரையூர், யாழ்ப்பாணம்
4-2-1934

அன்புத் தம்பி சிமியோனுக்கு,

அக்கா சிசிலியா எழுதுவது. நானும் அண்ணையும் றோஸும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். மலாயாவில், தைப்பிங்கில் உனக்குக் காய்ச்சல், தடிமன் ஒன்றும் வராதிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

இங்கே நடந்த அநியாயத்தைக் கேள். போன ஞாயிறு பூசை முடிந்ததும் மூப்பர்மார் கூடி, யூலைத் திருநாளில் சுருவம் வைத்துத் தூக்கும் கூட்டின் முன்கொம்பை இனிமேல் கிறகோரி அண்ணை தூக்கக்கூடாது என்று தீர்த்துவிட்டார்கள். எங்கள் அப்பு பாவிலு குடித்துத் தோற்ற கொம்பு அது. பதினாறு வயதில் மதுவிலக்குச் சபையில் கையெழுத்து வைத்து, பத்து வருஷம் காத்திருந்து அண்ணை திரும்ப வாங்கிய கொம்பு. இப்போது அவரும் குடிக்கிறாராம்! வருஷப் பிறப்புப் பூசையில் நற்கருணை வாங்கப் போன இடத்தில் கால் பின்னிச் சவிரிமுத்து மூப்பரின் தோளைப் பிடித்துவிட்டார். அவ்வளவுதான் குற்றம்.

நீ அறிவாய், அண்ணை கறிக்குக்கூடக் கள்ளு வினாகிரி விடவிடமாட்டார். ஆனால் ஒரு வருஷமாகக் கால் நேராகப் போவதில்லை என்பது மெய். நாக்கும் தடிக்கிறது. பனைமரத்துக்குக் கீழே இருந்து பால் குடித்தாலும் கள் என்று சொல்லும் ஊர் இது. தேவராசாவின் தாய் மரியநாயகி நேற்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள், குடிகாரன் மகளைத் தன் மகனுக்கு எடுக்கமாட்டாளாம். றோஸ் அழவில்லை. உரலில் மாவை மட்டும் தேவைக்கு மேலே இடித்தாள்.

நீ ஆஸ்பத்திரியில் டாக்குத்தர்மாரோடு நிற்கிற டிரெசர். அண்ணைக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டு எழுது. எழுத்தில் வந்தால் நான் அதை மூப்பர்மாரின் மூக்கில் ஒட்டுவேன்.

யோசப்பினின் சம்பந்தத்துக்கும் மறுமொழி இல்லை. உனக்கு முப்பத்தொரு வயது. பெண் வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்
அக்கா சிசிலியா

*

தைப்பிங்
2-3-1934

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி சிமியோன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். அண்ணையின் செய்தி மனத்தைக் குழப்பிவிட்டது.

பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. நான் சொல்வதைச் செய்து பார்த்து எழுதுங்கள். அண்ணையை இரண்டு பாதமும் ஒட்டி நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கட்டும். பிறகு ஒரு விரலால் தன் மூக்கு நுனியைத் தொட்டு, உடனே உங்கள் விரலைத் தொடச் சொல்லுங்கள், மாறி மாறி. நிலத்தில் ஒரு கோடு கிழித்து அதன்மேல் நடக்கவிடுங்கள். ஒரு செபத்தை வேகமாகச் சொல்லவைத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. அப்புவுக்குத் தள்ளாட்டம் எத்தனை வயதில் தொடங்கியது? அவர் செத்தபோது எனக்கு ஆறு வயது. வாசலில் நின்ற கால்கள் மட்டும்தான் ஞாபகம்.

யோசப்பின் விஷயம் பிறகு எழுதுகிறேன். வேலை அதிகம்.

அண்ணைக்கும் றோஸுக்கும் என் அன்பு.
தம்பி சிமியோன்

*

கரையூர்
28-3-1934

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாயாக.

உன் பரீட்சையை முற்றத்தில் வைத்தோம். கண்ணை மூடச் சொன்ன உடனே அண்ணை வெட்டின மரம் போலச் சாய்ந்து, காயவிட்ட வலைமேல் விழுந்தார். மூக்கைத் தொடச் சொன்னால் விரல் கன்னத்துக்குப் போகிறது, கண்ணுக்குப் போகிறது. றோஸ் முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. சுண்ணாம்பில் கோடு போட்டேன், நண்டு மாதிரிக் கோட்டை விட்டு விட்டு நடந்தார். மங்கள வார்த்தைச் செபத்தை எழுத்தெழுத்தாய் உடைத்துச் சொல்கிறார். கடைசியில் கோபம் வந்து, “உன்ரை தம்பி அங்கை இருந்து என்னைக் குரங்காட்டம் ஆட்டுறான்” என்றார்.

குடித்தவன் விடிந்தால் தெளிவான். அண்ணை விடியவும் அப்படித்தான்.

அப்புவை ஏன் இதற்குள் இழுக்கிறாய்? நாற்பது வயதில் தொடங்கினார் குடிக்க. சந்தியில் விழுந்து கிடப்பார், கூட்டிவர என்னைத்தான் அம்மா அனுப்புவா. “பிள்ளை, நான் குடிக்கேல்லை. வாயை மணந்து பார்” என்பார் ஒவ்வொரு நாளும். எந்தக் குடிகாரன் குடித்தேன் என்று ஒத்துக்கொண்டான்? நான் ஒருநாளும் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதில் எனக்கு அது வெட்கம்.

வருத்தத்தின் பெயரை உடனே எழுது. திருநாளுக்கு நாலு மாதம்தான் இருக்கிறது.

அக்கா சிசிலியா

*

தைப்பிங்
30-5-1934

அக்காவுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

யோசித்துப் பார்த்தேன். இதைப் பெரிதாக்காதீர்கள். அண்ணை கொஞ்சம் குடித்துவிட்டார், மனம் வருந்துகிறார் என்று மூப்பர்மாரிடம் சொல்லிவிடுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து, சபையில் மறுபடியும் ஒரு கையெழுத்து வைக்கட்டும். ஊர் மன்னித்துவிடும். கரையூரில் எந்த வீட்டில் குடியில்லை? மரியநாயகி அக்காவும் இறங்கி வருவா. றோஸின் கலியாணத்தை இந்த வருஷமே முடியுங்கள்.

யோசப்பினுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.

சிமியோன்

*

கரையூர்
14-6-1934

சிமியோனுக்கு,

நாங்கள் சுகமா என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். எழுதினது என் தம்பிதானா என்று கையெழுத்தைப் பார்த்தேன். அதுவும் கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. அண்ணை வள்ளத்தில் உழைத்து உன்னைச் சுவாமிமாரின் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அந்த மனுஷன் செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டு முழந்தாளில் நிற்கவேண்டுமா? கடல் என் புருஷனைக் கொண்டுபோனபோதுகூட நான் யாருக்கும் தலை குனியவில்லை. ஒரு பொய்க்குக் குனிவேனா?

உன் பேச்சைக் கேட்காமல் அண்ணையை இங்கேயுள்ள ஒரு அப்போதிக்கரி வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவரும் முதலில் வாயைத்தான் மணந்தார். மணந்துவிட்டு, “இண்டைக்குக் குடிக்கேல்லைப் போலை” என்றார். அவருடைய மருந்துப் போத்தலை நான் தூக்கி எறியாமல் வந்தது மாதாவின் புதுமை.

உனக்கு ஏதோ தெரியும். தெரியாதவன் இரண்டு மாதம் மௌனமாக இருக்கமாட்டான். எழுது. எழுதாவிட்டால் அண்ணையைக் கொழும்புக்குக் கொண்டுபோவேன். காதில் கிடக்கும் தோடு அதற்குப் போதும்.

சிசிலியா

*

தைப்பிங்
1-7-1934

அன்புள்ள அக்காவுக்கு,

மாதாவின் அடைக்கலத்தில் மூவரும் இருப்பீர்களாக. கதவைச் சாத்திவிட்டு இதை வாசியுங்கள். வாசித்தவுடன் அடுப்பில் போடுங்கள்.

தலையின் பின்புறத்தில், பிடரிக்கு மேலே, சிறுமூளை என்று ஒன்று இருக்கிறது. கால் அடி வைக்கவும், கை குறி தவறாமல் போகவும், நாக்கு சொல்லைப் பிடிக்கவும் அதுதான் சுக்கான். அண்ணையின் சுக்கான் கொஞ்சம் கொஞ்சமாக உக்கிப்போகிறது. அவருக்குப் பலம் குறையவில்லை, புத்தி குறையவில்லை. அளவுதான் தவறுகிறது. குடித்தவனுக்கு ஏன் அதே தள்ளாட்டம் என்றால், கள்ளும் போய்த் தாக்குவது அந்த இடத்தைத்தான். கள்ளு இறங்கும். இது இறங்காது. வருஷத்துக்கு வருஷம் கூடும். மருந்து இல்லை. பெரிய டாக்குத்தரிடம் கேட்டேன், தடித்த புத்தகத்தைத் திறந்து அவரும் அதையே காட்டினார்.

அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. இது இரத்தத்தில் வருகிறது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வரும். யாருக்கு என்று முன்னாலே சொல்ல ஒருவராலும் முடியாது. அப்பு குடிக்கவில்லை, அக்கா. அவர் சொன்னது முழுவதும் உண்மை.

இப்போது விளங்குகிறதா நான் ஏன் அப்படி எழுதினேன் என்று? குடிகாரன் மகளுக்குப் பத்துப் பேச்சுக் கேட்டாவது ஒரு மாப்பிள்ளை வருவான். நோய்க் குடும்பத்துப் பெண்ணுக்கு ஒருவனும் வரமாட்டான். நீங்கள் கேட்ட எழுத்து இதோ. இதை மூப்பர்மாரிடம் காட்டினால் அண்ணையின் பெயர் நிமிரும், றோஸின் வாழ்வு படுக்கும். எது வேண்டும் என்று தீர்மானிக்க எனக்குத் தைரியம் இல்லாமல்தான் பொய்யை எழுதினேன்.

மன்னிப்புக் கேட்கும்
சிமியோன்

*

யேசு மரி சூசை துணை

கரையூர்
29-7-1934

என் அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் திடமாக இருக்கிறோம். இந்தமுறை அது பொய் இல்லை.

கடிதத்தை எரிக்கவில்லை. ஒரு பகல் முழுக்கச் சட்டைக்குள் வைத்திருந்தேன். அப்பு செத்த கதை உனக்கு முழுதாகத் தெரியாது. மார்கழி மழை. வந்து கதவைத் தட்டினார். “குடிச்சிட்டு வந்தால் வள்ளத்தோடை கிடக்கட்டும்” என்று அம்மா சொன்னா. தாழ்ப்பாள் போட்டது நான். அவர் கரையில் வள்ளத்தின் மறைவில் படுத்தார், காய்ச்சல் கண்டது, ஏழாம் நாள் செத்தார். இருபத்தைந்து வருஷமாகச் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்திருந்தேன். அன்று கிணற்றடியில் இருந்து வாய்விட்டு அழுதேன், சிமியோன். அம்மாவாவது தெரியாமல் செத்தா.

பின்னேரம் அண்ணையையும் றோஸையும் இருத்தி முழுவதையும் வாசித்தேன். றோஸின் தலையெழுத்தை றோஸுக்குத் தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் தபாலில் தீர்மானிக்க யார்? அண்ணை தன் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அப்பு குடிக்கேல்லையோ?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, “பிள்ளைக்காக நான் குடிகாரனாய் இருந்திட்டுப் போறன். அந்தக் கடதாசியைக் கிழி” என்றார்.

றோஸ் விடவில்லை. “அப்பா, உங்களைக் குடிகாரன் எண்டு சொல்லித்தான் எனக்குக் கலியாணம் நடக்கவேணும் எண்டால் எனக்கு அது வேண்டாம். ஒளிச்சுக்கொண்டு ஒருத்தர் வீட்டை போய், கோப்பை கைதவறுற ஒவ்வொரு நாளும் பயந்து சாகவோ?”

அடுத்தநாள் என்னையும் கூட்டாமல் மரியநாயகி வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மரியநாயகி கும்பிட்டு வழியனுப்பினாளாம். தேவராசா வாசல் படலை வரைக்கும் வந்து, “ஒரு வருஷம் பொறும், அம்மாவோடை கதைக்கிறன்” என்றானாம். “உமக்கு ஒரு வருஷம் பெரிசில்லை, எனக்கு அது பெரிசு” என்று சொல்லியிருக்கிறாள். சம்பந்தம் முறிந்தது. போனதடவை பொய்யால் முறிந்தது, இந்தத்தடவை உண்மையால் முறிந்தது. வித்தியாசம் இருக்கிறது என்று அவள் சொல்கிறாள். எனக்கு மனமில்லை, ஆனாலும் அவள் சொல்வது சரி.

இனித் திருநாளுக்கு வருகிறேன். பின்னேரம், கூடு புறப்படும் நேரம், வீதி நிறையச் சனம். அண்ணை வெள்ளை வேட்டி கட்டி, என் தோளைப் பிடித்தபடி முன்கொம்புக்கு நேரே போய் நின்றார். சவிரிமுத்து மூப்பர் கையை விரித்து மறித்தார்.

“கிறகோரி, திருநாளிலை குழப்பம் பண்ணாதை. வீட்டை போய்ப் படு.”

“முதல் என்ரை வாயை மணந்து பாருங்கோ, மூப்பர்.”

மூப்பர் முகத்தைத் திருப்பினார். அண்ணை அவருடைய தோளைப் பிடித்துத் திருப்பி, மூக்குக்கு நேரே ஊதினார். மத்தியானம் தின்ற திருக்கைக் குழம்பு தாராளமாக மணத்திருக்கும்.

“கள்ளு மணக்குதோ?”

“இல்லை.”

“சனத்துக்குக் கேக்கேல்லை.”

“இல்லையெண்டு சொல்லுறன்!”

பிறகு அண்ணை கதைத்தார். நாக்குப் புரளவில்லை. ஒவ்வொரு சொல்லாய்ப் பிடுங்கி எடுத்தார். அத்தனை சனமும் பொறுத்து நின்று கேட்டது. “இது தலைக்குள்ளை இருக்கிற நோய். மாறாது. என்ரை அப்புவுக்கும் இதுதான். நாங்கள் எல்லாரும் சேர்ந்து, குடிக்காத ஒரு மனுசனைக் குடிகாரன் எண்டு சொல்லிச் சாகவிட்டனாங்கள். எனக்குக் கொம்பு வேண்டாம். நான் தூக்கினால் சுருவம் விழும். பாவிலு குடிக்கேல்லை எண்டு நீங்கள் சொல்லவேணும், இப்ப, இவ்வளவு பேருக்கும் முன்னாலை.”

மூப்பர் சொல்லவில்லை. சின்ன வயதில் அப்புவின் பின்னால் ஓடிப் பூழி மண் எறிந்தவர்களில் அவரும் ஒருவர். எனக்கு அது தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான்தான் கத்தினேன். “பாவிலு குடிக்கேல்லை! கதவைப் பூட்டின மகள் சொல்லுறன், அவர் குடிக்கேல்லை!” என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

கூடு புறப்பட்டது. நாங்கள் மூவரும் வீதியின் நடுவால் பின்னே நடந்தோம். அண்ணை இரண்டுதரம் விழுந்தார், இரண்டுதரமும் எழும்பினார். சிலர் விலகிப் போனார்கள். விலகாதவர்களும் இருந்தார்கள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். பாதிப் பிள்ளைகள் என்றாய். நாங்கள் மூன்று பேர். நான் கண்ணை மூடி நின்று பார்த்தேன், விழவில்லை. மூக்கைத் தொட்டேன், தவறவில்லை. நாளைக்கு வந்தால் வரட்டும், பார்த்துக்கொள்வேன். நீ நின்று பார்த்தாயா? உன் எழுத்து ஏன் அப்படிக் கிடந்தது? யோசப்பினை ஏன் வேண்டாமென்றாய்? சுகம் என்று எழுதாதே. உண்மையை எழுது.

உன் அக்கா
சிசிலியா

*

தைப்பிங்
25-8-1934

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதும் கை நமசிவாயம் அண்ணருடையது. சண்டிலிப்பாய்க்காரர், ரயில்வேயில் கிளாக்கர், என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறார். நான் சொல்ல அவர் எழுதுகிறார். நல்ல மனுஷன், அதனால் எல்லாவற்றையும் சொல்லலாம்.

போன வருஷம் மருந்துத் தட்டு ஒன்று கையிலிருந்து விழுந்தது. களைப்பு என்று நினைத்தேன். உங்கள் பங்குனிக் கடிதம் வந்த அன்று அறைக் கதவைச் சாத்திவிட்டு, அண்ணைக்கு எழுதிய பரீட்சையை நானே செய்தேன். கட்டிலின்மேல் விழுந்தேன். அதுதான் அந்த இரண்டு மாத மௌனம்.

வைகாசியில் இன்னொரு தட்டு விழுந்தது. மேலதிகாரி வந்து, “குடித்தாயா?” என்று கேட்டார். அக்கா, நான் “ஆம்” என்றேன். குடித்தவனுக்கு இங்கே எச்சரிக்கை, நோய்க்காரனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிப்பு. அன்று தொடக்கம் வேலைக்குப் போகும்போது சட்டைக் கழுத்தில் சாராயம் தெளித்துக்கொண்டு போகிறேன். நாய் வேஷம் போட்டால் குரைக்கத்தானே வேண்டும்? அங்கே அண்ணை ஊருக்கு முன்னால் வாயை ஊதிக் காட்டிய அதே மாதம், இங்கே நான் குடிக்காத சாராயத்தை மணக்கச் செய்துகொண்டு நின்றேன். உங்கள் கடிதத்தை வாசித்தபின் அந்தச் சட்டையைப் போட முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது.

ஊருக்கு வரமாட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு தள்ளாட்டம் போதும். நானும் வந்து இறங்கினால் றோஸுக்கு மிச்சமுள்ள வழியும் அடைபடும். இங்கே என்னை யாருக்கும் தெரியாது, கிடந்து முடிந்துபோகிறேன். அண்ணையிடம் காய்ச்சல் என்று சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
சிமியோன்

(நமசிவாயம் எழுதுவது: அம்மா, தம்பியின் பேச்சைக் கேட்காதீர்கள். கப்பலில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு.)

*

யேசு மரி சூசை துணை

கரையூர்
17-9-1934

என் உயிர்த் தம்பி சிமியோனுக்கு,

மாதா உன்னையும், நமசிவாயம் அண்ணரையும், அவருடைய கையையும் ஆசீர்வதிப்பாவாக.

அண்ணையிடம் காய்ச்சல் என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு, “அவனை வரச் சொல்லு. எப்பிடி விழுறது எண்டு நான் பழகிட்டன், அவனுக்கும் பழக்கிறன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண்ணால் தண்ணீர் ஓடியது. றோஸ் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்: “என்ரை வழி அடைபடும் எண்டு சித்தப்பா அழவேண்டாம். அடைச்சவை நாங்கள் இல்லை. எனக்கும் வந்தால் என்னைப் பார்க்க ஆக்கள் வேணும், அதுக்காகவேனும் வரட்டும்.”

சவிரிமுத்து மூப்பர் இன்னும் வாய் திறக்கவில்லை. திறக்கும் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிற்கிறேன். தோத்திரம் சொல்லிவிட்டு நிற்கிறேன், வேறொன்றும் சொல்வதில்லை. மனுஷன் இப்போது பின்கதவால் போகப் பழகிவிட்டார்.

நீ கிடந்து முடிந்துபோகப் போகிறாயா? அப்பு அப்படித்தான் வள்ளத்துக்குப் பக்கத்தில் கிடந்து முடிந்துபோனார். இந்த வீட்டில் ஒருதரம் தாழ்ப்பாள் போட்டாயிற்று. இரண்டாம்தரம் நீயே வெளியில் நின்று போடப் பார்க்கிறாய், அதற்கு நான் விடமாட்டேன். கிடைக்கும் முதல் கப்பலில் ஏறு. கொழும்பிலிருந்து இரவு மெயிலில் வந்தால் காலையில் யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் இறங்குவாய். நாங்கள் மூன்று பேரும் நிற்போம்.

வண்டி பிடிக்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். சந்தை கூடி, கடைகள் திறந்து, சனம் நிறைந்து நிற்கும் நேரம் பார்த்துப் பெரியகடை வீதியின் நடுவால் நாலு பேரும் நடந்துதான் வருவோம். அண்ணை ஒரு பக்கம் சரியட்டும், நீ மறுபக்கம் சரி. விழுந்தால் எழும்புவோம். பாவிலுவின் பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஊர் வந்து பார்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்
அக்கா சிசிலியா